ஐந்து லட்சம் மைல் ஓடிய வண்டியை ஏன் விற்கிறார்கள்?

அமெரிக்காவில், டிரெய்லர் இழுக்கும் பழைய செமி டிரக் விற்கும் யார்டுகளில் வரிசை கட்டி நிற்கும் வண்டிகளில் பலவற்றுக்கும் ஒரே கதைதான். ஒரு பெரிய போக்குவரத்து நிறுவனம் புதிதாக வாங்கியது. நான்கைந்து வருடம் ஓட்டியது. மீட்டரில் 4.5 லட்சம், 5 லட்சம் மைல் ஏறியதும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. இந்த எண்கள் ஒத்துப்போவதற்குக் காரணம் இருக்கிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டி வருடத்துக்கு ஒரு லட்சம் மைல் சாதாரணமாக ஓடும். கூடுதல் பணம் கட்டி நீட்டித்துக்கொள்ளும் எஞ்சின் வாரண்டிகள் பலவும் 5 வருடம் அல்லது 5 லட்சம் மைலோடு முடிகின்றன. ஆயிரக்கணக்கில் வண்டி வைத்திருக்கும் நிறுவனத்திடம், எந்த மைலில் எந்தப் பாகம் போகும், அதற்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கு துல்லியமாக இருக்கும். இதற்கு மேல் வைத்திருந்தால் கட்டுப்படியாகாது என்று அந்தக் கணக்கு சொல்லும் நாளில் வண்டி விற்பனைக்கு வருகிறது.

அன்றைக்கு அதை வாங்க வருகிறவர், பல வருடம் சம்பளத்துக்கு ஓட்டிவிட்டு இனி சொந்த வண்டி என்று முடிவெடுத்த ஓட்டுநர். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே என்பதால் அங்கே அவருக்கு ஓனர்-ஆபரேட்டர் என்று பெயர். பெரிய நிறுவனம் எந்தச் செலவைக் கண்டு இறங்கியதோ, அந்தச் செலவு தொடங்கும் இடத்தில் இவர் ஏறுகிறார். நிறுவனத்துக்கு அது ஆயிரத்தில் ஒரு வண்டி. இவருக்கு இருப்பதே அது ஒன்றுதான்.

அதனால் பழைய வண்டி வாங்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. படுக்கை வசதியுள்ள கேபினோடு ஒரு புது வண்டி ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டிவிடும். அதற்கு மேல் மத்திய அரசின் கலால் வரி 12 சதவீதம். முதல் உலகப் போரின் செலவுக்காக 1917இல் போட்ட வரி அது. போர் முடிந்து நூறு வருடம் ஆகிவிட்டது, வரி முடியவில்லை. முதல் விற்பனைக்கு மட்டுமே அது உண்டு என்பதால் பழைய வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவருக்குப் பழைய வண்டிதான் கதவு. ஆனால் யார்டில் எழுதி வைத்திருக்கும் விலை, வண்டியின் உண்மையான விலையில் ஒரு பகுதிதான். முந்தைய ஓனர் செய்யாமல் விட்ட ரிப்பேர் எவ்வளவோ, அதையும் கூட்டினால்தான் முழு விலை வரும். அந்த இரண்டாவது தொகையை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் பழைய டிரக் வாங்குகிற வேலை.

அந்த வேலையில் சட்டம் அதிகம் உதவாது. கார் வாங்கிப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பழைய கார் விற்கும் டீலர், வாரண்டி உண்டா இல்லையா என்ற அறிவிப்பை ஜன்னலில் ஒட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு மத்திய விதி இருக்கிறது. 8,500 பவுண்டு எடைக்குள் இருக்கும் வண்டிகளோடு அது நின்றுவிடும். விற்கும்போது மீட்டர் அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்ற விதியும் 16,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குக் கிடையாது. டிரெய்லரும் சுமையும் சேர்த்து 80,000 பவுண்டு, அதாவது 36 டன், சாலையில் இழுக்கப்போகும் வண்டிக்கு மீட்டரைப் பற்றி உத்தரவாதம் கேட்க வழியில்லை என்பது வேடிக்கைதான். ‘இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். யார்டு கேட்டைத் தாண்டி நூறு அடியில் எஞ்சின் நின்றாலும் அது வாங்கியவர் பாடு.

புகைக்குழாயில் இருக்கும் செலவு

பழைய தலைமுறை ஓட்டுநர்களுக்கு எஞ்சின் என்றால் பிஸ்டன், லைனர், இன்ஜெக்டர், டர்போ. இன்றைய வண்டியில் ஓனரின் தூக்கத்தைக் கெடுப்பது அதற்குப் பின்னால், புகை வெளியேறும் வழியில் இருக்கிறது. இது எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் எந்த வருடத்து வண்டியை வாங்குவது, எதை விடுவது என்று புரியும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை டீசல் புகைக்கான வரம்பைப் படிப்படியாக இறுக்கியது. 2000களின் தொடக்கத்தில் ஈஜிஆர் வந்தது. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடி எஞ்சினுக்குள்ளேயே அனுப்பும் ஏற்பாடு. 2007இல் டிபிஎஃப் என்ற வடிகட்டி வந்தது. கரித்துகளைப் பிடித்துவைத்து, அவ்வப்போது அதிக சூட்டில் எரித்துவிடும். 2010இல் எஸ்சிஆர். யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது. அங்கே அந்தக் கரைசலுக்கு டெஃப் என்று பெயர். பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு நம் ஊர் லாரிகளில் ஆட்ப்ளூ என்று ஊற்றுகிறோமே, அதேதான்.

மூன்றும் சேர்ந்து காற்றைச் சுத்தமாக்கின, அதில் சந்தேகமில்லை. ஒவ்வொன்றும் ஒரு செலவுத் தலைப்பையும் திறந்தது. ஈஜிஆர் கூலர் வெடிப்புவிட்டால் கூலண்ட் புகை வழியில் கலக்கும். டிபிஎஃப் கரியை எரிக்கும், ஆனால் எஞ்சின் ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. அது சேர்ந்துகொண்டே போகும், சில லட்சம் மைலுக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடு சென்சார்கள் சூட்டில் வெந்து போகும். ஏதோ ஒன்று சரியில்லை என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றினால் முதலில் எச்சரிக்கை விளக்கு, பிறகு எஞ்சின் இழுவை குறையும், அதற்கும் கேட்காவிட்டால் மணிக்கு 5 மைல் வேகத்தில் பூட்டிவிடும். நெடுஞ்சாலையில் லோடோடு 5 மைல் வேகம் என்றால் இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான். இந்தக் கெடுபிடியைத் தளர்த்தும்படி 2025 ஆகஸ்டில் அந்த முகமையே உற்பத்தியாளர்களுக்கு வழிகாட்டியது. ஆனால் பழைய வண்டியில் அந்த மாற்றம் சாஃப்ட்வேராக ஏற்றப்பட்டால்தான் உண்டு.

இந்த வரலாற்றில் புதிதாக வாங்குகிறவர் மறக்கக் கூடாத அத்தியாயம், டிரக் தயாரிக்கும் நாவிஸ்டார் நிறுவனத்தின் மேக்ஸ்ஃபோர்ஸ் எஞ்சின். 2010 வரம்பை எட்ட மற்ற எல்லோரும் யூரியா வழிக்குப் போனபோது, நாவிஸ்டார் மட்டும் ஈஜிஆரையே மேலும் முடுக்கிச் சமாளிக்கலாம் என்று பந்தயம் கட்டியது. வரம்பையும் எட்ட முடியவில்லை, எஞ்சின்களும் அடிக்கடி மக்கர் செய்தன. 2012இல் அந்த வழியைக் கைவிட்டு, எஞ்சின் தயாரிப்பாளரான கம்மின்ஸின் எஸ்சிஆர் தொழில்நுட்பத்துக்கு மாறியது. அதே ஆண்டு தலைமை நிர்வாகியும் போனார். 2011 முதல் 2014 வரையிலான மாடல் வண்டிகளை வாங்கியவர்கள் போட்ட வழக்கு 13.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அந்த வண்டிகள் இன்னும் சந்தையில் கிடைக்கின்றன, விலையும் மலிவு. முதல் வண்டியாக அதை வாங்குகிறவருக்கு அந்த மலிவு ஏன் என்று பிறகுதான் தெரியவரும்.

கேட்டர்பில்லர் வேறு வழியில் போனது. இந்த வம்பே வேண்டாம் என்று சாலை டிரக் எஞ்சின் தொழிலிலிருந்து விலகுவதாக 2008இல் அறிவித்துவிட்டது. அதனால்தான் புகைக் கருவிகள் வருவதற்கு முந்தைய கேட்டர்பில்லர் எஞ்சின் வண்டிகளுக்கு இன்றும் பக்தர்கள் இருக்கிறார்கள். இன்னொரு ஈர்ப்பும் உண்டு. 2017 டிசம்பர் 18 முதல் ஓட்டும் நேரத்தை மின்னணுக் கருவியில் பதிய வேண்டும் என்று கட்டாயமாக்கியபோது, 2000க்கு முந்தைய எஞ்சினுக்கு விலக்கு கொடுத்தார்கள். சென்சாரும் இல்லை, நேரம் பதியும் பெட்டியும் இல்லை. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கலிஃபோர்னியாவில் 2023இலிருந்து 2010 தரத்து எஞ்சின் இல்லாத கனரக டீசல் வண்டி ஓட அனேகமாக வழியில்லை. தங்கள் பெயரில் ஓட வருகிற வண்டிக்கு வயது வரம்பு வைக்கும் நிறுவனங்களும் நிறைய. தானே ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர், ஒரே வட்டாரத்தில் ஓட்டுபவர் என்றால் பழைய எஞ்சின் சரி. மற்றவர்களுக்கு அது ஆசை மட்டுமே.

குறுக்கு வழி ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டிபிஎஃபையும் ஈஜிஆரையும் பிடுங்கி எறிந்துவிட்டு, கம்ப்யூட்டரை ஏமாற்றி ஓட வைத்த வண்டிகள். ‘டெலீட் செய்தது’ என்று தணிந்த குரலில் சொல்வார்கள். தூய காற்றுச் சட்டப்படி அது சட்டவிரோதம். அபராதம் ஒருபக்கம் இருக்கட்டும், நாளைக்கு ஒழுங்கான டீலரிடம் மாற்றப் போனால் வாங்க மாட்டார். பிடுங்கியதைத் திரும்ப மாட்டும் செலவில் பாதி வண்டி வாங்கிவிடலாம்.

வண்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

பார்க்கப் போகும் முன்னால் விற்பவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போனதும் முதலில் எஞ்சின் பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதை நீங்கள் பார்க்கக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆன பிறகு நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலண்ட் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். டிபிஎஃப் உள்ள வண்டியின் குழாய் முனையில் விரலை விட்டால் கரி ஒட்டவே கூடாது. ஒட்டினால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது, இல்லையென்றால் உள்ளே வடிகட்டியே இல்லை.

அடுத்தது, மீட்டரை விட உண்மை பேசும் இடம். எஞ்சினின் கம்ப்யூட்டரை, அதாவது ஈசிஎம்மை, லேப்டாப்பில் இணைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். மைலை மட்டும் பார்க்காமல் எஞ்சின் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். இரண்டு வண்டி, இரண்டும் 5 லட்சம் மைல் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 10,500 மணி நேரம் ஓடியிருக்கிறது, சராசரி மணிக்கு 47 மைலுக்கு மேல். நெடுஞ்சாலையிலேயே வாழ்ந்த வண்டி. இன்னொன்று 14,000 மணி நேரம், சராசரி 36 மைல்கூட இல்லை. கூடுதலான அந்த 3,500 மணி நேரத்தில் பெரும்பகுதி, ஓட்டுநர் தூங்கும்போது ஏசிக்காகவோ ஹீட்டருக்காகவோ நின்ற இடத்தில் எஞ்சின் ஓடியது. அப்படி ஓடும்போது புகைக்குப் போதிய சூடு இருக்காது, கரி சேரும், ஈஜிஆரும் டிபிஎஃபும் அடைக்கும். மீட்டரில் ஒரே எண், ஆனால் இரண்டும் வேறு வேறு வண்டிகள். எஞ்சினை ஓட்டாமலே கேபினைக் குளிர்விக்கும் சிறிய துணை மின்கருவி பொருத்திய வண்டி என்றால் இந்தக் கணக்கு கொஞ்சம் சாதகமாக இருக்கும்.

அதே கம்ப்யூட்டரில் பழுதுக் குறியீடுகள் இருக்கும். ஒன்றுமே இல்லாமல் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். நேற்று அழித்திருக்கலாம். அழித்த பிறகு எத்தனை மைல் ஓடியது, டிபிஎஃப் கடைசியாக எப்போது கரியை எரித்தது, எத்தனை மைலுக்கு ஒருமுறை எரிக்கிறது என்பதைக் கேளுங்கள். அடிக்கடி எரிக்கிறது என்றால் ஏதோ ஒன்று அளவுக்கு மீறிக் கரி தள்ளுகிறது.

ஆயில் நிரப்பும் மூடியைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது அந்த வாயின் மேலேயே கவிழ்த்து வைத்துப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் சோதனை. ரிங் தேய்ந்திருந்தால் உள்ளிருந்து வரும் காற்று மூடியைத் தள்ளிவிடும். எல்லா எஞ்சினிலும் இதை அப்படியே நம்ப முடியாது, முறையாக அழுத்தமானி வைத்து அளப்பதே சரி. ஆயில் மாதிரி பரிசோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. சில பத்து டாலர்தான் ஆகும். சோடியம், பொட்டாசியம் அதிகம் தெரிந்தால் கூலண்ட் ஆயிலில் கலக்கிறது. சிலிக்கான் என்றால் ஏர் ஃபில்டர் வழியே தூசி போகிறது. செம்பும் ஈயமும் ஏறினால் பேரிங் தேய்கிறது. முந்தின நாள்தான் ஆயில் மாற்றினோம் என்று விற்பவர் சொன்னால், பழைய பரிசோதனை ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய நிறுவனங்களில் பல இதைத் தொடர்ந்து எடுத்து வைத்திருக்கும்.

இவற்றுக்கெல்லாம் சில நூறு டாலர், டைனோ என்ற அளவு மேடையில் ஏற்றி இழுவை பார்த்தால் இன்னும் கொஞ்சம் ஆகும். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத பட்டறையில் செய்ய வேண்டும். எஞ்சினை இறக்காமலே பிரித்து பிஸ்டன், லைனர், பேரிங் மாற்றும் வேலைக்கே இருபதாயிரம், முப்பதாயிரம் டாலர் ஆகும் ஊரில் இந்தச் செலவுக்குக் கணக்குப் பார்ப்பது புரியாத சிக்கனம். வெளிப் பட்டறைக்குக் கொண்டுபோக அனுமதிக்காத டீலரிடம் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

சேசிஸ் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். ஓஹையோ, மிச்சிகன், பென்சில்வேனியா போன்ற பனி மாநிலங்களில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். இரட்டைத் தகடாக இருக்கும் சேசிஸில் இடையில் துரு பூத்துத் தகடுகளைப் பிளக்கும். எஞ்சினை மாற்றலாம், சேசிஸ் போனால் போனதுதான். முன் டயர் பட்டன் 4/32 அங்குலத்துக்கும் மற்றவை 2/32 அங்குலத்துக்கும் கீழே போகக் கூடாது என்பது சட்டம். முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் டயரோடு, முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னையும் பார்க்க வேண்டும். டிரெய்லரைச் சேர்க்காமல் முன்னால் இழுக்கும் வண்டியில் மட்டும் பத்து டயர் என்பதை நினைவில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்தக் கம்பெனியின் டீலர் சர்வீஸில் வாரண்டி வரலாறு எடுக்கலாம். கடன் நிலுவை இருக்கிறதா, விபத்தில் சிக்கி இனி தேறாது என்று ஒதுக்கிய வண்டியா என்பதை வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் பார்க்க வேண்டும். முந்தைய நிறுவனத்தின் மத்திய பதிவு எண்ணான டாட் எண்ணை, டிரக் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவின் தளத்தில் போட்டால், சாலைச் சோதனையில் அதன் வண்டிகள் எத்தனை முறை ஓரங்கட்டப்பட்டன என்று தெரியும். தன் வண்டிகளைக் கவனிக்கிற நிறுவனமா இல்லையா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எந்த பிராண்ட் நல்லது என்ற விவாதத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. டெட்ராய்ட் டிடி15, கம்மின்ஸ் எக்ஸ்15, வால்வோ டி13, பாக்கார் எம்எக்ஸ்-13 எல்லாவற்றுக்கும் ரசிகரும் உண்டு, அழுகிறவரும் உண்டு. நீங்கள் ஓடப்போகும் வழியில் எந்தக் கம்பெனி பட்டறை அதிகம் இருக்கிறது என்று பார்ப்பது உருப்படியான கேள்வி. அந்தக் கணக்கில் ஃப்ரைட்லைனர் கஸ்காடியாவுக்கு மதிப்பெண் அதிகம். இன்னொன்று, சமவெளி நெடுஞ்சாலைக்காகப் பின் அச்சின் பல்சக்கர விகிதத்தை (கிரவுன் விகிதம்) குறைவாக வைத்த கம்பெனி வண்டியை வாங்கி மலைப்பாதையில் இரும்பு ஏற்றப் போனால் எஞ்சினும் அழும், நீங்களும் அழுவீர்கள்.

யார் பெயரில் ஓட்டுவது

வண்டி கையில் வந்துவிட்டது. லோடு எடுக்க இரண்டு வழி. சொந்தமாக அத்தாரிட்டி, அதாவது கூலிக்குச் சரக்கு ஏற்ற மத்திய அரசு தரும் அனுமதி, வாங்கலாம். விண்ணப்பக் கட்டணம் 300 டாலர்தான். மலைப்பது இன்சூரன்ஸில். பொதுச் சரக்குக்குக் குறைந்தது 7.5 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு என்கிறது சட்டம். லோடு கொடுக்கும் புரோக்கர்கள் பெரும்பாலும் 10 லட்சம் கேட்பார்கள், சரக்குக்குத் தனியாக ஒரு லட்சம். புது அத்தாரிட்டி என்றால் பிரீமியம் வருடத்துக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டுவது சர்வசாதாரணம். சில புரோக்கர்கள் அத்தாரிட்டிக்கு ஆறு மாதமாவது ஆகாமல் லோடே தர மாட்டார்கள். இதற்கு மேல் 55,000 பவுண்டைத் தாண்டிய வண்டிகளுக்கான சாலை வரி, நம் எடைக்கு வருடம் 550 டாலர். பல மாநிலங்களில் ஓடுவதற்கான நம்பர் பிளேட், டீசல் வரிக் கணக்கு என்று பட்டியல் நீளும்.

இன்னொரு வழி, வேறொரு நிறுவனத்தின் அத்தாரிட்டியின் கீழ் வண்டியை இணைப்பது. வாடகையில் ஒரு பங்கை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், இன்சூரன்ஸும் பிளேட்டும் அவர்கள் வழியாக நடக்கும். இதற்கென்று ‘ட்ரூத் இன் லீசிங்’ என்ற மத்திய விதிகள் இருக்கின்றன. பிடித்தம் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், ஒழுங்கான காகிதங்களைக் கொடுத்த 15 நாளில் பணம் தர வேண்டும், பிணையாகப் பிடித்துவைத்த எஸ்க்ரோ தொகையை ஒப்பந்தம் முடிந்த 45 நாளுக்குள் திருப்ப வேண்டும். முதல் வருடத்துக்கு எனக்குச் சரியாகப் படுவது இந்த வழிதான். வண்டியின் நோய்களைத் தெரிந்துகொள்ளும் வருடத்தில் புரோக்கரோடும் இன்சூரன்ஸோடும் மல்லுக்கட்டுவது இரட்டைச் சுமை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. ‘லீஸ்-பர்ச்சேஸ்’. முன்பணம் வேண்டாம், கடன் வரலாறு வேண்டாம், எங்கள் வண்டியை ஓட்டு, வாராவாரம் கழித்துக்கொள்கிறோம், கடைசியில் வண்டி உனக்கே என்பார்கள். லோடு தருவதும் அவர்கள், தவணை பிடிப்பதும் அவர்கள். லோடு குறைந்த வாரத்தில் தவணை குறையாது. டீசல், ரிப்பேர், தவணை போக கையில் ஒன்றுமே நிற்காத வாரங்கள் வரும். ஓட்டுநர் விட்டுவிட்டுப் போனால் அதே வண்டி அடுத்தவருக்கு அதே பேச்சோடு போகும். 2021இன் உள்கட்டமைப்புச் சட்டத்தின்படி அமைத்த டிரக் குத்தகை ஆய்வுக் குழு 2025 ஜனவரியில் அறிக்கை தந்தபோது, இந்த ஏற்பாட்டையே தடை செய்யப் பரிந்துரைத்தது. கடைசிவரை தாக்குப்பிடித்து வண்டியைச் சொந்தமாக்கியவர்கள் மிகக் குறைவு என்பதுதான் அவர்கள் கண்டது.

எப்போது வாங்குகிறோம் என்பதும் விலைதான்

2021இல் சிப் தட்டுப்பாட்டால் புது டிரக் கிடைக்கவில்லை. கொரோனா காலத்தில் ஆன்லைனில் வாங்கிக் குவித்த சரக்குக்கு வண்டி போதவில்லை. அந்தந்த நாளின் சந்தை வாடகை மைலுக்கு மூன்று டாலரைத் தொட்டது. சம்பளத்துக்கு ஓட்டியவர்கள் கூட்டம் கூட்டமாக அத்தாரிட்டி எடுத்தார்கள், பழைய வண்டி விலை இரண்டு மடங்காகவும் அதற்கு மேலும் ஏறியது. 2022 வசந்தத்தில் வாடகை சரியத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூனில் டீசல் தேசிய சராசரி கேலனுக்கு 5.80 டாலரைத் தாண்டியது. 2023இல் வாடகை இரண்டு டாலர் பக்கம் வந்து நின்றது. உச்ச விலையில் கடனுக்கு வாங்கியவருக்குக் கடன் பாக்கி வண்டியின் விலையைவிட அதிகமாகிவிட்டது. விற்றாலும் அடையாது, ஓட்டினாலும் அடையாது. அவர்களில் பலர் நல்ல ஓட்டுநர்கள், வண்டியிலும் கோளாறு இல்லை. வாங்கிய மாதம்தான் கோளாறு.

எல்லோரும் வண்டி தேடும் நேரத்தில் தேடாமல் இருப்பது கடினம். அப்போதுதான் வாடகை நன்றாக இருக்கும், நண்பர்கள் சம்பாதிப்பது கண்ணில் படும். வாடகை படுத்திருக்கும்போது யார்டுகளில் வண்டி நிறைய, விலை குறைவு, ஆனால் ஓட்டிப் பிழைப்பது கஷ்டம். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து வாங்க, கையில் பணம் வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சி நிறுவனமான ஏடிஆர்ஐ, 2023இல் ஒரு டிரக்கை ஒரு மைல் ஓட்ட ஆன செலவு 2.27 டாலர் என்று கணக்கிட்டது. ஓட்டுநர் சம்பளமும் அதில் சேர்ந்ததே. ரிப்பேர், பராமரிப்புக்கு மட்டும் அதில் 20 செண்ட் போல. பெரும்பாலும் வாரண்டியில் இருக்கும் வண்டிகளை வைத்திருக்கும் நிறுவனங்களின் கணக்கு இது. 5 லட்சம் மைல் ஓடிய வண்டிக்கு அதைவிடக் குறையும் என்று எதிர்பார்க்க ஒரு காரணமும் இல்லை.

இப்போது ஒருவர் 30,000 டாலர் சேமிப்போடு, சொந்த அத்தாரிட்டியில் ஓட்ட வருகிறார். 55,000 டாலர் வண்டி. இருபது சதவீத முன்பணம் 11,000. மீதி 44,000 கடன். புது ஆள் என்பதால் 15 சதவீத வட்டி என்று வைத்தால் நான்கு வருடத்துக்கு மாதம் 1,225 டாலர் தவணை. கையில் 19,000 இருக்கிறது. இன்சூரன்ஸ் முதல் கட்டு 4,000. பிளேட், சாலை வரி, அனுமதிகள், நேரம் பதியும் கருவி எல்லாம் சேர்த்து ஒரு 3,000. வாங்கியதும் ஆயில், ஃபில்டர், பெல்ட் எல்லாம் மாற்றி முன் டயர் இரண்டும் போட 1,500. மாதம் 10,000 மைல், கேலனுக்கு ஆறரை மைல், டீசல் 3.75 டாலர் என்றால் எரிபொருளுக்கு மட்டும் 5,770. லோடு இறக்கிய பணம் புரோக்கரிடமிருந்து வர ஒரு மாதம் ஆகலாம். முன்கூட்டித் தரும் ஃபேக்டரிங் நிறுவனத்திடம் போனால் சில சதவீதம் வெட்டிக்கொள்வார்கள். முதல் தவணையும் கட்டியாகிவிட்டது. மிச்சம் சுமார் 3,500 டாலர். வீட்டு வாடகையை இன்னும் கழிக்கவில்லை.

இந்த நிலையில் ஈஜிஆர் கூலர் ஒழுகினால், இழுவை வண்டிக் கூலியும் பட்டறைக் கூலியும் சேர்ந்து அந்த 3,500 போதாது. வண்டி நிற்கும் இரண்டு வாரத்தில் வருமானம் இல்லை, தவணையும் இன்சூரன்ஸும் நிற்காது. இதே ஆள் இன்னும் எட்டு, பத்து மாதம் கம்பெனி வண்டியை ஓட்டிக் கூடுதலாகப் பதினைந்தாயிரம் சேர்த்துக்கொண்டு, அதில் ஒரு டாலரைக்கூட முன்பணத்தில் போடாமல் தனிக் கணக்கில் வைத்துவிட்டு வந்தால், கூலர் ஒழுகும்போது பட்டறைக்காரரிடம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, பக்கத்து மோட்டலில் போய்த் தூங்கலாம்.